7. எடுப்பதற்கு முன்: பூர்வகுடிச் சிறுவர் நலப்பணிக்கான பயிற்சி

கனடாவில் சமூகப் பணியாளராக, வளர்ப்புப் பெற்றோராக, பாடசாலை ஆலோசகராக, தாதியாகப் பல தமிழர்கள் சிறுவர் நலத்துறையோடு தொடர்புள்ள வேலைகளில் இருக்கிறார்கள். இவர்களில் எவருக்கும் ஒருநாள் பூர்வகுடிக் குடும்பம் ஒன்றின் கதவைத் தட்ட வேண்டி வரலாம். அதற்கு முன் பெற்றிருக்க வேண்டிய பயிற்சி என்ன, நல்ல பயிற்சியை எப்படித் தேர்வது, பெற்ற பயிற்சி வேலையில் இறங்கியிருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை இந்த அத்தியாயம் சொல்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒன்ராறியோவுக்குப் பொருந்துபவை.

பண்பாட்டு அறிவு இந்தப் பயிற்சியின் ஒரு பகுதி மட்டுமே. சடங்குகளின் பெயர்களை எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டும் ஒருவர் பழைய வழக்கப்படியே பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருக்க முடியும். ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுப்பதற்கு முன் யார் யாரிடம் பேசினோம், என்ன உதவியை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தோம் என்பதில்தான் பயிற்சியின் பலன் தெரியும். இனி வரும் பகுதிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு உங்களை ஆயத்தப்படுத்தவே எழுதப்பட்டவை.

தனிப் பயிற்சி எதற்கு?

2021 குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவின் சிறுவர் தொகையில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் சிறுவர்களிலோ அவர்கள் 53.8 சதவீதம். இந்த இடைவெளியைப் பெற்றோரின் அன்புக் குறைவால் விளக்க முயல்பவர் இந்த வேலைக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.

வதிவிடப் பாடசாலைகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் வெளியிட்ட 94 செயல் அழைப்புகளில் முதல் ஐந்தும் சிறுவர் நலம் பற்றியவை. முதல் அழைப்பிலேயே பயிற்சி பற்றிய கோரிக்கை வந்துவிடுகிறது. விசாரணை செய்யும் பணியாளர்கள் வதிவிடப் பாடசாலைகளின் வரலாற்றையும் பாதிப்பையும் கற்றிருக்க வேண்டும். பூர்வகுடிச் சமூகங்களும் குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தமான தீர்வுகளைத் தாமே தரக்கூடியவை என்பதையும் கற்றிருக்க வேண்டும். முதலாவதைப் பெரும்பாலான வகுப்புகள் கற்பிக்கின்றன. இரண்டாவதைச் செயலில் பழக்குகிற வகுப்பைத் தேடிப் போங்கள்.

வாசலில் நிற்கும் வரலாறு

நீங்கள் கதவைத் தட்டும்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் உங்களை முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். உங்கள் வேலையை அவர்கள் பல தலைமுறைகளாக அறிவார்கள். இந்த நான்கு கட்டங்களையாவது மனதில் இருத்திக்கொண்டு போங்கள்.

வதிவிடப் பாடசாலைகள்: ஏறத்தாழ 150,000 முதற்குடி, இனூயிட், மெட்டிப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு இந்த விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். வீட்டு மொழி பேசியதற்கே தண்டனை கிடைத்தது. 1990-களின் பிற்பகுதியில்தான் கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆகவே நீங்கள் சந்திக்கும் பாட்டி மட்டுமல்ல, தாயும்கூட அங்கே படித்தவராக இருக்கலாம்.

அறுபதுகளின் அள்ளல்: 1951-இல், முதற்குடி மக்களுக்கான இந்தியர் சட்டத்தில் (Indian Act) செய்த திருத்தத்தால் மாகாணச் சிறுவர் நலச் சட்டங்கள் ரிசேர்வ் எனப்படும் முதற்குடி ஒதுக்கு நிலங்களுக்குள்ளும் செல்லுபடியாயின. விளைவைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கணக்கில் பார்க்கலாம். 1955-இல் அங்கே அரச பராமரிப்பில் இருந்த பூர்வகுடிப் பிள்ளைகள் 29 பேர். 1964-இல் 1,446 பேர். ஒன்பது ஆண்டுகளில் ஒரு மக்களின் வளர்ப்புமுறை இத்தனை மடங்கு கெட்டுப்போவதில்லை. புதிதாக அதிகாரம் பெற்ற பணியாளர்கள் உள்ளே போனார்கள் என்பதே விளக்கம். எடுக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் வேறு மாகாணங்களிலும் அமெரிக்காவிலும் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். மனிற்றோபா நீதிபதி எட்வின் கிமெல்மன் 1985 அறிக்கையில் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதினார்.

எதிர்ப்பு: 1980-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்பலம்சீன் சமூகம், தன் பிள்ளைகள் மீதான அதிகாரம் தன்னுடையதே என்று தானே ஒரு சட்டவிதி இயற்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில் தலைவர் வெய்ன் கிறிஸ்ரியனோடு பல சமூகத்தினர் வன்கூவருக்குப் பேரணியாகச் சென்றார்கள். இன்றைய சட்ட மாற்றங்களுக்குப் பின்னால் இந்தப் போராட்டம் இருக்கிறது. பூர்வகுடி மக்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் காட்டும் பாடம் அரைப் பாடம்.

பணம்: 2007-இல் சிறுவர் உரிமைச் செயற்பாட்டாளர் சிண்டி பிளாக்ஸ்ரொக் தலைமையிலான அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் மத்திய அரசுக்கு எதிராக முறையிட்டன. ரிசேர்வ்களில் சிறுவர் சேவைக்கான நிதி பாகுபாடானது என்று 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. குடும்பத்தைத் தாங்கும் தடுப்புச் சேவைகளுக்கு நிதி குறுகலாகவும், பிள்ளையை எடுத்துவிட்டால் ஆகும் செலவு முழுமையாகத் திரும்பக் கிடைப்பதாகவும் இருந்தது. எடுப்பதுதான் எளிய வழியாகும்படி நிதி ஏற்பாடே அமைந்திருந்தது என்பதை நல்ல பணியாளர்களும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கைகளையும் அந்த ஏற்பாடே நகர்த்தியது.

இந்த வரலாற்றோடு வாசலுக்குப் போகும்போது ஒரு சொல்லை உடனடியாகக் கைவிடுவீர்கள்: ‘ஒத்துழைக்கவில்லை’. கதவைப் பாதி திறந்து, பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசும் பாட்டி, தன் அனுபவம் கற்பித்த பாதுகாப்பைத்தான் அந்தப் பிள்ளைக்குத் தருகிறார்.

சட்டம் சொல்லும் வரிசை

முதற்குடி, இனூயிட், மெட்டிச் சிறுவர், இளையோர், குடும்பங்கள் பற்றிய மத்திய சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாக உறுதிசெய்தது. இந்தச் சட்டப்படி பூர்வகுடிச் சமூகங்கள் தங்கள் சொந்தச் சிறுவர் நலச் சட்டங்களை இயற்றி நடத்தலாம். சஸ்கற்சுவானின் கவசெஸ், ஒன்ராறியோவின் வாபசீமூங் போன்ற சமூகங்கள் அப்படி இயற்றிவிட்டன. ஆகவே பிள்ளை எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதே உங்களுக்குத் தெரியாது.

நாளாந்த வேலையில் மனப்பாடமாக இருக்க வேண்டியவை:

1. தடுப்பு முதலில். குடும்பத்தைத் தாங்கும் சேவைக்கு, பிள்ளையை எடுப்பதைவிட முன்னுரிமை உண்டு. கர்ப்பகாலத்தில் தரும் உதவிக்கு, பிறந்தவுடன் பிரிப்பதைவிட முன்னுரிமை உண்டு.

2. வறுமை, போதிய வீட்டுவசதி இன்மை, பெற்றோரின் உடல்நலம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையை எடுக்கக் கூடாது.

3. முக்கிய நடவடிக்கைக்கு முன் பெற்றோருக்கும் பராமரிப்பவருக்கும், பூர்வகுடி ஆளுகை அமைப்புக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

4. பிள்ளைக்கு வேறு இடம் தேவையானால் வரிசை இது: பெற்றோரில் ஒருவர், குடும்பத்தின் இன்னொரு பெரியவர், அதே சமூகத்தைச் சேர்ந்தவர், வேறொரு பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்தவர், கடைசியாக மற்றவர்கள். சகோதரர்களை ஒன்றாக வைக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

5. வேறிடத்தில் வைத்த பின்னும், பெற்றோரிடமோ உறவினரிடமோ திரும்பிப் போக முடியுமா என்பதைத் தொடர்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

பிள்ளைக்கு உடனடி ஆபத்து இருந்தால் இந்த வரிசை உங்கள் கையைக் கட்டாது. அடி, பாலியல் கொடுமை, உயிருக்கு ஆபத்து என்றால் அந்த நேரமே பாதுகாப்புக்கான முடிவை எடுக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அதை உடனே அறிவிக்கும் கடமை ஒன்ராறியோவில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவசரத்திலும் அன்றே செய்யக்கூடிய தொலைபேசி அழைப்புகள் உள்ளன: பிள்ளையின் பேண்ட் (முதற்குடிச் சமூகம்) சார்பில் பேசும் பேண்ட் பிரதிநிதிக்கு ஒன்று, தாயின் சகோதரிக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று. முதல் இரவை அந்நியர் வீட்டில் கழித்த பிள்ளை, பல சமயம் அங்கேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது.

வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதாதிருக்க

பூர்வகுடிக் குடும்பங்கள் பற்றி வரும் முறைப்பாடுகளில் ‘புறக்கணிப்பு’ என்ற வகையே முதன்மையானது. அதற்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் வறுமை, மோசமான வீட்டுவசதி, போதைப்பொருள் சிக்கல் ஆகிய மூன்றும். இவற்றில் முதல் இரண்டும் பெற்றோரின் கையில் இல்லாதவை. வட ஒன்ராறியோவின் நெஸ்காண்டகா சமூகத்தில், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவித்தல் 1995-இல் வந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அது நீக்கப்படவில்லை. அங்கே ஒரு குழந்தைக்குத் தோலில் புண் வந்தால், அதைத் தாயின் கவனக்குறைவு என்று எழுதுவதற்கு முன் குழாயைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி வகுப்புகளில் மிகவும் பயன்தரும் வேலை, ஒரே வீட்டைப் பற்றி இரண்டு குறிப்புகள் எழுதிப் பார்ப்பது. கீழே உள்ளவை பயிற்சிக்காகப் புனைந்தவை. எந்தக் குடும்பத்தையும் குறிப்பவை அல்ல.

முதல் குறிப்பு: ‘வீட்டில் நெரிசல். மூன்று பிள்ளைகளும் ஒரே மெத்தையில் படுக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கிட்டத்தட்ட வெறுமை. வீட்டில் புகை வாசனை. பாட்டி கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. புறக்கணிப்புக்கான ஆபத்து அதிகம்.’

இரண்டாம் குறிப்பு: ‘இரண்டு அறை கொண்ட வீடு. பாட்டியும் மூன்று பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெரிய வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதாகப் பாட்டி சொன்னார்; கடிதத்தைக் காட்டினார். மாத இறுதி, ஃபிரிட்ஜில் பாலும் முட்டையும் பாணும் இருந்தன. பிள்ளைகள் காலையில் சாப்பிட்டார்கள், பாடசாலைக்கு ஒழுங்காகப் போகிறார்கள் (ஆசிரியரோடு பேசி உறுதிப்படுத்தினேன்). காலையில் சேஜ் இலை எரித்துப் பிரார்த்தித்ததாகச் சொன்னார், வாசனை அதனுடையது. என் கேள்விகளுக்கு மெதுவாக, யோசித்துப் பதில் சொன்னார். தேவை: இரண்டு கட்டில்கள், மாதக் கடைசிக்கு உணவு உதவி, இளையவனுக்குப் பேச்சுப் பயிற்சி. பொறுப்பு: நான், வெள்ளிக்கிழமைக்குள்.’

இரண்டையும் உரக்க வாசித்துப் பாருங்கள். முதல் குறிப்பிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் பாட்டியின் மேல் சுமத்தப்படும் தீர்ப்பு. அதைக் கையில் எடுத்த மேற்பார்வையாளருக்குச் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். இரண்டாம் குறிப்பின் முடிவில் பணியாளருக்கு வேலை வருகிறது. ‘தேவை’, ‘பொறுப்பு’ என்ற அந்த இரண்டு வரிகளும் இல்லாமல் வீட்டுவருகைக் குறிப்பு எதையும் முடிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையை நிறைவேற்ற உங்களிடம் உள்ள முக்கியக் கருவி ஜோர்டன் கோட்பாடு. மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிறீ சமூகத்தைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் அண்டர்சன், வீட்டுப் பராமரிப்புச் செலவை எந்த அரசு ஏற்பது என்று மத்திய அரசும் மாகாண அரசும் வாதாடிக்கொண்டிருக்க, வீட்டுக்குப் போகாமலே 2005-இல் ஐந்து வயதில் மருத்துவமனையில் இறந்தான். முதற்குடிப் பிள்ளைக்குத் தேவையான சேவையை முதலில் கொடுக்க வேண்டும், செலவுத் தகராறைப் பிறகு தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டை 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏகமனதாக ஏற்றது. பேச்சுப் பயிற்சி, சக்கர நாற்காலி, குடும்பத்துக்கு ஓய்வுதரும் பராமரிப்பு போன்றவற்றுக்கு இதன்கீழ் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தின் சம்மதத்தோடு அந்த விண்ணப்பத்தை ஒருமுறை முழுமையாகத் தயாரித்துப் பார்ப்பது, எந்த வகுப்பையும்விட உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

குடும்பத்தின் வட்டத்தைத் தேடுதல்

அலுவலகப் படிவத்தில் தாய், தந்தை என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். ‘பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?’, ‘விடுமுறையில் பிள்ளை எங்கே போகும்?’, ‘உங்கள் அம்மாவின் ஊரில் யார் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். ‘உங்களுக்கு உறவினர் உண்டா?’ என்ற கேள்விக்கு இல்லை என்று சொன்ன தாயும் இந்தக் கேள்விகளுக்கு ஐந்தாறு பெயர்கள் சொல்வார். ஏனென்றால் முதல் கேள்வியில், தரும் பெயர்கள் எதற்குப் பயன்படும் என்ற பயம் இருக்கிறது.

பூர்வகுடிப் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவைப்படும்போது, சமூகத்தின் வழமைப்படியான பராமரிப்புக்கு நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டமே சொல்கிறது. சூ லுக்அவுட்டில் 1984-இல் தொடங்கிய டிக்கினாகன் சிறுவர் நல நிறுவனம் இந்த வழியில் நீண்டகாலம் வேலைசெய்து வருகிறது. எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளை வளர்ப்பது என்ற கொள்கையில், குடும்பமும் சமூகமும் பணியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். அந்த மேசையில் உங்கள் வேலை கேட்பதும், பிள்ளையின் பாதுகாப்புக்கு இன்றியமையாதவற்றைத் தெளிவாகச் சொல்வதும், முடிவுசெய்தவற்றுக்கு வேண்டிய வளங்களைக் கொண்டுவருவதும்.

முதியோரிடம் ஆலோசனை கேட்பதற்கு ஒழுங்குமுறை உண்டு. அனிஷினாபே, கிறீ சமூகங்கள் பலவற்றில் புகையிலை வைத்துக் கேட்பது மரபு. இனூயிட் மக்களுக்கு அந்த மரபு இல்லை. ஆகவே போவதற்கு முன் பேண்ட் பிரதிநிதியிடமோ பண்பாட்டு ஆலோசகரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். முதியவரின் நேரத்துக்குரிய கொடுப்பனவை அலுவலகம் தர வேண்டும். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் கொடுக்கும் நிறுவனம் இவரிடம் மட்டும் இலவசமாக வாங்கக் கூடாது.

தமிழராக நாம் கவனிக்க வேண்டியவை

போரும் இடப்பெயர்வும் நம்மில் பலருக்குத் தெரியும். மொழிக்காகப் பலவற்றை இழந்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்த நினைவு பூர்வகுடிக் குடும்பத்தின் வலியைக் கேட்க நம் காதைத் திறக்கலாம். ஆனால் ‘எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்லாதீர்கள். பேச வேண்டியவர் அவர். நம் கதைக்கு இடம் விட அவர் அங்கே இல்லை. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கரைசேர்த்து ஏற்றுக்கொண்ட இதே நாடுதான், அதே ஆண்டில் வதிவிடப் பாடசாலைகளையும் நடத்திக்கொண்டிருந்தது. நமக்கு அடைக்கலமாகத் தெரியும் அரசின் அடையாள அட்டை, அந்த வீட்டில் வேறுவிதமாகத் தெரியும்.

வாசலில் இப்படித் தொடங்கலாம்: ‘வணக்கம் அம்மா. என் பெயர் இது. என் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. நான் சிறுவர் உதவிச் சங்கத்திலிருந்து வந்திருக்கிறேன். பாடசாலையிலிருந்து எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. என்ன சொன்னார்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன். உங்களோடு வேறு யாராவது இருக்க வேண்டும் என்றால், அவர்கள் வரும்வரை காத்திருக்கிறேன்.’ யார், எதற்காக, உங்களுக்கு என்ன உரிமை என்ற மூன்றும் முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும்.

பயிற்சியைத் தேர்வது

யார் கற்பிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பூர்வகுடிப் பயிற்றுநரும் முதியோரும் நடத்தும் வகுப்பா, அவர்களைப் பற்றி மற்றவர்கள் நடத்தும் வகுப்பா? உங்கள் பகுதியிலுள்ள சமூகத்தோடு தொடர்பு உண்டா? பயிற்சிக்குப் பின் மேற்பார்வையும் கலந்துரையாடலும் உண்டா? அரைநாள் இணையவழி வகுப்பு தொடக்கம் மட்டுமே.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவான சன்யாஸ் இணையவழிப் பயிற்சி, பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தில் அமைந்தது. அந்தக் கருத்தை உருவாக்கியவர் நியூசிலாந்தின் மவோரித் தாதி இரிஹாபேட்டி ராம்ஸ்டன். சேவை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்மானிப்பவர் அதைப் பெற்றவரே என்பது அதன் சாரம். 2005-இல் நயாகரா ஃபால்ஸில் நடந்த சிறுவர் நல நல்லிணக்க மாநாட்டிலிருந்து பிறந்த ‘நம்பிக்கையின் உரைகற்கள்’, நிறுவனம் முழுவதையும் மாற்றுவதற்கான வழிமுறை. உண்மையைச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், சீர்செய்தல், உறவைக் கட்டுதல் என்ற நான்கு படிகள் கொண்டது.

1997-இல் உருவாகி, கைரோஸ் அமைப்பின் பெயரால் அறியப்படும் போர்வைப் பயிற்சிக்கு வாய்ப்புக் கிடைத்தால் போங்கள். தரையில் விரித்த போர்வைகள் நிலத்தைக் குறிக்கும். பங்கேற்பவர்கள் அவற்றின் மேல் நிற்பார்கள். ஒப்பந்தங்களும் சட்டங்களும் வாசிக்கப்பட வாசிக்கப்பட, போர்வைகள் மடிக்கப்பட்டுச் சுருங்கும். பிள்ளைகளாக நிற்பவர்கள் பிரித்து வேறிடத்துக்கு அனுப்பப்படுவார்கள். கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வட்டத்தில் பேசுவதைவிடக் கேளுங்கள். மறுநாளே புதிய கோப்பு ஒன்றைக் கையில் எடுக்க வேண்டியிருந்தால், அன்றிரவு மேற்பார்வையாளரோடு பேச நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்க

நீங்கள் கையாண்ட பூர்வகுடிக் குடும்பங்களின் கோப்புகளை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து திறந்து, கீழ்க்கண்டவற்றுக்கு விடை தேடுங்கள்.

பிள்ளையின் சமூகம் எது என்று முதல் வாரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா? பேண்ட் பிரதிநிதியை அழைத்த தேதி இருக்கிறதா? முடிவுக்கு முன்பா, பின்பா? குடும்ப வட்டத்தில் எத்தனை பேரோடு பேசினீர்கள்? என்ன உதவி கேட்கப்பட்டது, எது வந்து சேர்ந்தது, எது வரவில்லை? வேறிடத்தில் வைக்கப்பட்ட பிள்ளை சகோதரரோடும் மொழியோடும் ஊரோடும் தொடர்பில் இருக்கிறதா? வீட்டுக்குத் திரும்புவது பற்றிக் கடைசியாக எப்போது பேசப்பட்டது? குடும்பம் தன் சொற்களில் சொன்னது எங்காவது பதிவாகியிருக்கிறதா?

விடையில்லாத ஒவ்வொரு கேள்வியும் இந்த வாரம் செய்ய வேண்டிய ஒரு தொலைபேசி அழைப்பு. வராமல் போன உதவிகளைத் தனிப் பட்டியலாக்கி நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு பணியாளரின் நல்ல மனம் மட்டும் 53.8 என்ற எண்ணைக் குறைக்காது. எந்தப் பிள்ளை எந்த உதவி இல்லாததால் வீட்டைவிட்டுப் போக நேர்ந்தது என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர் நீங்கள்தான். அதை எழுதிக் காட்டுவதும், பதில் வரும்வரை விடாமல் கேட்பதும் உங்கள் பயிற்சியின் ஒரு பகுதியே.